ஊக்கம் தந்தவர்

(ஜூன் 11, புனித பர்னபா திருநாளன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று திருஅவை புனித பர்னபாவை நினைவுகூருகிறது. சைப்பிரசு தீவைச் சேர்ந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. பர்னபா என்பது திருத்தூதர்கள் வைத்த பெயர். ஊக்கம் தருகிறவர் என்பது அதன் பொருள் என்று திருத்தூதர் பணிகள் நூல் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் கடற்கரை ஊர்களிலும் பட்டப்பெயர்கள் உண்டு. ஆளின் நடையைப் பார்த்தோ தொழிலைப் பார்த்தோ வைப்பார்கள். இவருக்கு, மற்றவர்களைத் தாங்கிப் பிடித்த குணத்தைப் பார்த்து வைத்தார்கள்.

ஆனால் ஊக்கம் தரும் பிரசங்கத்தைப் பற்றி நம்மிடையே ஒரு குறைவான எண்ணம் இருக்கிறது. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசும்போது, "சாமி நல்லாத்தான் பேசினாரு, ஆனா கண்டிப்பு இல்லையே, சும்மா தட்டிக்கொடுத்துட்டுப் போறாரே" என்று சொல்வதைக் கேட்கிறோம். சாவு, தீர்வை, நரகம் என்று இடி முழங்கும் தவக்காலத் தியானங்களைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு, கனிவான சொல் உப்பில்லாத கஞ்சியாகத் தெரிகிறது.

இந்தக் குறையில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'இயேசுவை நம்பு, கடன் தீரும், நோயே வராது' என்று ஆசை காட்டுவது நற்செய்தி அல்ல. சிலுவையை மறைத்துவிட்டுச் சொல்லும் ஆறுதல், ஓட்டையை அடைக்காமல் படகுக்கு வண்ணம் பூசுவது போன்றது. பர்னபா தந்த ஊக்கம் அப்படிப்பட்டதல்ல.

யோவான் மாற்கு என்ற இளைஞர் பவுலோடும் பர்னபாவோடும் நற்செய்திப் பயணம் புறப்பட்டார். பம்பிலியா நாடு போய்ச் சேர்ந்ததும் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்துக்கு அவரை மீண்டும் கூட்டிப் போகலாம் என்றார் பர்னபா. பாதியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பல் ஏறினார். பவுலுக்கு இதே பர்னபா முன்பு என்ன செய்திருந்தார்? சவுல் என்றாலே சீடர்கள் நடுங்கிய காலத்தில், அவருக்காகப் பரிந்து பேசி, திருத்தூதர்கள் முன் கொண்டு போய் நிறுத்தியவர் பர்னபாதான்.

யார் செய்தது சரி என்று லூக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பிற்காலத்தில் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரும்படி பவுல் கேட்கிறார். தம் பணிக்கு மாற்கு மிகவும் பயன்படுவார் என்றும் சொல்கிறார். வேண்டாம் என்று தள்ளியவரே தேடி அழைக்கிறார். திருஅவையின் மரபு இந்த மாற்குவையே நற்செய்தியாளர் என்று கொண்டாடுகிறது. அன்று பர்னபா தட்டிக்கொடுத்தது வீண் பேச்சு என்று இனி யார் சொல்ல முடியும்?

நம் முத்துக்குளித்துறையிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1544ஆம் ஆண்டு மணப்பாட்டிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் புனித சவேரியார், உடன் உழைத்த மான்சிலாசுக்குப் பல கடிதங்கள் எழுதினார். சவேரியார் கண்டிப்புத் தெரியாதவர் அல்ல. குடிப்பவர்களுக்குத் தண்டனை விதிக்கச் சொன்னவரும் அவரே. ஆனாலும் சலித்துப்போன தோழருக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை வேறு. கெட்ட பிள்ளைகளிடம் நல்ல தகப்பன் நடந்துகொள்வது போல இந்த மக்களிடம் நடந்துகொள்ளும். அவர்களுடைய குறைகளைப் பார்த்துச் சோர்ந்துவிடாதேயும். இவ்வளவு குற்றம் செய்தும் கடவுளே அவர்களைப் பொறுத்துக்கொள்கிறாரே என்பதுதான் அதன் சாரம்.

அதே ஆண்டு ஜூன் மாதம், படையெடுத்து வந்த வடுகருக்குப் பயந்து குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிய மக்கள் பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். சவேரியார் இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளைப் போக விடவில்லை. பின்னர் கால்நடையாகவே அவர்களைப் பார்க்கப் போனார். அவருடைய தமிழ் அழகான தமிழ் அல்ல. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று சொல்லிக்கொடுத்து, பிறகு திருத்தியவர் அவர். சொல் தடுமாறினாலும், தேடி நடந்த கால்கள் மக்களுக்குப் புரிந்தன.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் மடலில் மறையுரைக்கென்றே பல பத்திகள் ஒதுக்கினார். செய்யக்கூடாததை மட்டும் சொல்லி நிறுத்தாமல், இன்னும் நன்றாகச் செய்யக்கூடியதை எடுத்துக்காட்ட வேண்டும் என்றும், நல்ல மறையுரை எப்போதும் நம்பிக்கை தரும் என்றும் அதில் அறிவுறுத்துகிறார். எனவே ஒரு பிரசங்கத்தை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும்: கேட்டவன் எழுந்து நடந்தானா? பாவம் பாவம்தான். ஆனால் தன்னால் எழ முடியும் என்று நம்புகிறவனே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருவான். நம்பிக்கை போனவன் கோயில் பக்கமே வரமாட்டான்.

அன்பர்களே, ஏப்ரல் 15இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இன்னும் மூன்று நாளில் முடிகிறது. 15ஆம் தேதி விசைப்படகுகள் கடலுக்குப் போகும். இந்த இரண்டு மாதத்தில் பல வீடுகளில் நகை அடகுக்குப் போயிருக்கும், வட்டி ஏறியிருக்கும், குடியும் சண்டையும் கூடியிருக்கும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கும் மனிதனிடம் அன்று நாம் என்ன சொல்லப் போகிறோம்? இரண்டு மாதக் கணக்கை அப்போதுதான் எடுத்துப் படிக்க வேண்டுமா? "கடவுள் கூட இருக்கார், நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று சொல்ல இறையியல் படிக்க வேண்டியதில்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளையிடமும், குடியை விட்டுவிட்டு மறுபடி விழுந்த தம்பியிடமும் நீங்கள் பேசும் அந்த ஒரு வார்த்தையும் பிரசங்கமே. அதைச் சொல்லத் தயங்காதீர்கள். பீடத்திலிருந்து யாராவது அதைச் சொன்னால் அற்பமாகவும் எண்ணாதீர்கள்.

மன்றாடுவோமாக: ஆண்டவரே, விழுந்தவரைத் தூக்கிவிடும் பர்னபாவின் மனத்தை எங்களுக்கும் தாரும். கடலுக்குச் செல்லும் எங்கள் பிள்ளைகளைத் தூய பனிமய மாதாவின் பரிந்துரையால் காத்தருளும். ஆமென்.