ஆடுவதோடு நில்லாது ஆக்குக!

விளையாட்டைப் பற்றியும் ஓர் உரையா என்று மூத்தோர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். திண்ணையில் அமர்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடிய முன்னோர் அதனை வீண்பொழுது என்று எண்ணினாரல்லர். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் மடக்குதற்குள் எத்துணைக் கணக்கும் எத்துணைப் பொறுமையும் வேண்டும் என்பதை ஆடியவர் அறிவர். அவ்வாட்டத்தில் மற்றொரு சிறப்பும் இருந்தது. கட்டத்தை எவரும் கடையில் வாங்கவில்லை. ஆடியவரே கரித்துண்டு கொண்டு கல்லின்மேல் வரைந்தனர். ஆடுபவரும் அவரே, ஆக்குபவரும் அவரே.

இன்று அந்நிலை மாறிற்று. திரையில் ஒளிரும் விளையாட்டுகளின் கட்டங்களை எங்கோ இருப்பவர் வரைகின்றனர். பிள்ளைகள் காசு கொடுத்து, கண்ணையும் கொடுத்து, அவர் வரைந்த வழியிலேயே ஓடிக் களைக்கின்றனர். வரையும் உரிமை ஆடுபவர் கையை விட்டு நழுவிற்று. நழுவிய அவ்வுரிமையை ஏழே குறிகளால் மீட்டுத் தரும் பழைய கணிப்பொறி விளையாட்டு ஒன்று உண்டு. அதனை ஆடுவது எங்ஙனம், தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைப்பது எங்ஙனம் என்பதே இவ்வுரையின் பொருள்.

பிறந்த வரலாறு

அவ்விளையாட்டின் பெயர் சோகோபான். சப்பான் நாட்டு இரோயுகி இமபயாசி என்பார் 1981-இல் அதனை உருவாக்கினார். தகரசூக்கா நகரில் அவர் நடத்திய ‘திங்கிங் ராபிட்’ என்னும் நிறுவனம் 1982-இல் அதனை வெளியிட்டது. ‘சிந்திக்கும் முயல்’ என்பது அந்நிறுவனப் பெயரின் பொருள். 1988-இல் அமெரிக்காவிலும் விளையாட்டு வெளியாயிற்று.

சப்பானிய மொழியில் ‘சோகோ’ என்பது கிடங்கு. ‘பான்’ என்பது காவல். தமிழிற் சொல்வதாயின் ‘கிடங்குக் காவலன்’ எனலாம். அயல்நாடுகளில் வெளிவந்த சில பதிப்புகள் வேறு பெயர்களைச் சூட்டிப் பார்த்தன. ஆயினும் நிலைத்தது ஆக்கியோன் தன் தாய்மொழியில் இட்ட பெயரே. உலகெங்கும் இன்றளவும் அப்பெயராலேயே அஃது அறியப்படுகின்றது. ஆக்கம் வலிதாயின் அதன் பெயரும் வலிதாய் நிற்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆடும் முறை

கிடங்கு ஒன்று மேலிருந்து பார்த்தாற்போல் திரையில் தோன்றும். சுவர்கள் வளைந்தும் நெளிந்தும் வழிமயக்கும். உள்ளே ஓர் ஆள், சில பெட்டிகள், பெட்டிகளின் எண்ணிக்கைக்கு ஒத்த இலக்குக் கட்டங்கள். பெட்டிகள் அனைத்தையும் இலக்குகளிற் சேர்ப்பித்தால் வெற்றி.

நெறிகள் நான்கே. ஆள் மேலும் கீழும் இடமும் வலமுமாகவே நகர்வான், மூலைவாட்டாக நகரான். பெட்டியைத் தள்ளுவான், இழுக்க மாட்டான். ஒருமுறைக்கு ஒரு பெட்டியையே தள்ளுவான். இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து நின்றால் அவற்றைச் சேர்த்துத் தள்ள இயலாது. சுவரை ஊடுருவ எதனாலும் இயலாது. நேரக் கட்டுப்பாடு இல்லை. துரத்தும் பகைவர் இல்லை. ஆடுபவருக்கு அவர் எண்ணமே துணை. அவர் எண்ணமின்மையே பகை.

‘தள்ளலாம், இழுக்க இயலாது’ என்னும் ஒரு நெறியிலேயே விளையாட்டின் உயிர் இருக்கின்றது. மூலையிற் புகுந்த பெட்டி மீளாது. அம்மூலை இலக்காக இருந்தாலன்றி ஆட்டம் அப்பொழுதே முடிந்தது. நீண்ட சுவரை ஒட்டிவிட்ட பெட்டி அச்சுவரின் நெடுகவே செல்லும். அவ்வரிசையில் இலக்கு இல்லையெனின் அதுவும் இழந்த பெட்டியே. நான்கு பெட்டிகள் இரண்டுக்கு இரண்டாக நெருங்கி நின்றால் அவற்றுள் எதுவும் அசையாது. இவற்றையெல்லாம் அறியாதவன் மேலும் நூறு நகர்வுகள் ஆடிக்கொண்டே இருப்பான். தோற்றுவிட்டதை அவனுக்குத் திரை சொல்லாது. அவனேதான் உணர்தல் வேண்டும்!

ஆகவே நல்லாட்டக்காரர் முதலில் கையை நீட்டுவதில்லை. எந்தக் கட்டங்களில் பெட்டி புகலாகாது என்று முதலிற் குறித்துக் கொள்கின்றனர். எந்த இலக்கை முதலில் நிரப்பினால் மற்றவற்றுக்கு வழியடையாது என்று அடுத்துப் பார்க்கின்றனர். பெரும்பாலும் உள்ளொடுங்கிய இலக்கே முதலில் நிரம்ப வேண்டும். அதன் பின்னரே முதலடி எடுத்து வைக்கின்றனர். பிற்காலப் பதிப்புகளில் செய்த நகர்வை மீட்டுக்கொள்ளும் வசதி உண்டு. எண்ணிப் பார்த்துத் திருத்திக் கொள்வார்க்கு அது நல்ல துணை. எண்ணாமலே தள்ளிப் பார்ப்பார்க்கு அது சோம்பலை வளர்ப்பது.

ஏழு குறிகள்

இனி ஆக்கும் பகுதிக்கு வருவோம். யூனிக்சுக் கணிப்பொறிகளுக்கென வந்த எக்சு-சோகோபான் என்னும் பதிப்பில் 90 புதிர்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் மறைகுறியாக அன்றி, எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பாக அமைந்திருந்தன. அம்முறையையே பின்வந்த பதிப்புகள் பலவும் ஏற்றுக்கொண்டன. அதன் குறிகள் வருமாறு:

# என்பது சுவர்.
@ என்பது ஆள்.
$ என்பது பெட்டி.
. என்னும் புள்ளி இலக்கு.
* என்பது இலக்கின்மேல் நிற்கும் பெட்டி.
+ என்பது இலக்கின்மேல் நிற்கும் ஆள்.
வெற்றிடம் என்பது தரை.

அச்சிடும்போது வெற்றிடம் சுருங்கிப் போவதுண்டு. ஆதலால் தரைக்கு - என்னும் கோட்டையும் பல நிரல்கள் ஏற்கின்றன. ஈண்டும் அக்கோடே கையாளப்படுகின்றது.

கரும்பலகையில் எழுதப்பட்டுள்ள சிறுபுதிரைக் காண்க:

######
#@---#
#-$$-#
#-..-#
######

இதனை ஐந்து நகர்வுகளில் முடிக்கலாம்: வலம், கீழ், மேல், வலம், கீழ். இவற்றுள் கீழ் என்பவை இரண்டும் தள்ளல்கள். ஏனையவை வெறும் நடைகள். இத்துணை எளிய புதிரிலும் கண்ணிகள் மறைந்துள்ளன. ஆள் இடப்பக்கமாக இறங்கிப் பெட்டிகளை வலப்புறம் தள்ள முயன்றால் இரண்டும் சேர்ந்து நிற்பதால் அசையா. கீழே போய் மேல்நோக்கித் தள்ளினால் பெட்டி மேற்சுவரை ஒட்டிவிடும்; அவ்வரிசையில் இலக்கு இல்லை; ஆட்டம் கெட்டது. முதற்பெட்டியைச் சரியாகச் சேர்த்த பின்னர், நின்ற இடத்திலிருந்தே இரண்டாம் பெட்டியை வலப்புறம் தள்ளினாலும் அது வலச்சுவரை ஒட்டிக் கெடும்.

இப்பொழுது ஒரே ஒரு மாற்றம் செய்யப்படுகின்றது. கீழ்வரிசையில் இருந்த வலப்புற இலக்கு மேல்வரிசையின் வலமூலைக்குச் செல்கின்றது:

######
#@--.#
#-$$-#
#-.--#
######

என்ன நிகழ்ந்தது பாருங்கள்! சற்றுமுன் கேடாக இருந்த இரண்டு நகர்வுகளும் இரண்டாம் பெட்டிக்கு இப்பொழுது வழிகளாயின. முதற்பெட்டியைக் கீழே சேர்த்தபின், இரண்டாம் பெட்டியை வலச்சுவர்வரை தள்ளி, கீழே சென்று மேல்நோக்கித் தள்ளினால் ஆறே நகர்வுகளில் வெற்றி. அன்றி, சுற்றிச் சென்று அப்பெட்டியை முதலில் மேற்சுவருக்குத் தள்ளி, பின் வலமூலைக்குத் தள்ளினாலும் வெற்றியே. ஆயின் நகர்வுகள் பன்னிரண்டாகும். இருவழியிலும் தள்ளல்கள் மூன்றுதாம். நகர்வு குறைவா, தள்ளல் குறைவா என்று தேர்ந்தவர்கள் இரண்டையும் தனித்தனியே எண்ணிப் போட்டியிடுவதன் கரணியம் இதுவே.

ஒரு புள்ளியை இடம் மாற்றியதற்கே புதிர் புதிதாயிற்று. எந்த நகர்வும் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. இலக்கு எங்குள்ளது என்பதே அதனை நன்றென்றும் தீதென்றும் ஆக்குகின்றது. இவ்வுண்மையை நூறு புதிர்களை ஆடுபவனினும் ஒரு புதிரைத் திருத்தி எழுதுபவன் விரைவில் அறிகின்றான்.

புதிர் ஆக்கும் வழி

புதிதாய்ப் புதிர் எழுதப் புகுவோர் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும். ஆள் ஒருவனே. பெட்டியும் இலக்கும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். வெளிச்சுவரில் ஓட்டை இருத்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிருக்கு விடை இருந்தாக வேண்டும். விடையில்லாப் புதிர் ஏமாற்றேயன்றிப் புதிராகாது.

விடை உண்டு என்பதை உறுதிசெய்ய நல்லதொரு வழி உள்ளது. முடிவிலிருந்து தொடங்குக! பெட்டிகள் யாவும் இலக்கில் நிற்பதாகக் கொண்டு, அவற்றைத் தள்ளுவதற்கு மாறாக இழுத்து இழுத்துப் பின்னோக்கிக் கொணர்க. ஆள் நின்று இழுப்பதற்கும் பின்வாங்குவதற்கும் இடமுள்ள வழியிலேயே இழுத்தல் வேண்டும். அவ்வாறு கொணர்ந்து நிறுத்திய இடமே ஆடுபவர்க்குத் தொடக்கம். இழுத்த வழியைத் திருப்பி நடந்தால் அதுவே விடை. கடும்புதிர்களை அவிழ்ப்பார்க்கும் இப்பின்னோக்கு முறை பேருதவி செய்யும்.

பெருங்கிடங்கு வரைந்தால்தான் பெரும்புதிர் என்று எண்ணிவிடலாகாது. தேவிடு இசுகின்னர் என்பார் 2000-ஆம் ஆண்டில் ‘மைக்ரோபான்’ என்னும் பெயரில் 155 புதிர்களைத் தொகுத்தளித்தார். பெயருக்கேற்ப அவற்றுட் பெரும்பாலானவை மிகச் சிறியன. ஒவ்வொன்றும் ஒரு நுட்பத்தைக் கற்பிப்பன. தொடங்குவோர்க்கு இன்றும் அவையே முதற்படி.

பொறியும் மாந்தரும்

இத்துணைச் சிறு நெறிகளைக் கொண்ட விளையாட்டைக் கணிப்பொறியே நொடியில் அவிழ்த்துவிடாதோ என்று கேட்கலாம். 1997-இல் கனடாவின் ஆல்பெர்ட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோசப் கல்பெர்சன், இவ்விளையாட்டு கணிப்பியலில் மிகக் கடுமையான சிக்கல்களின் வகையைச் சேர்ந்தது என்று மெய்ப்பித்தார். புதிர் பெரிதாகப் பெரிதாக, எல்லாவற்றையும் விரைந்து அவிழ்க்கும் பொதுவழி ஒன்று கிட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என்பது அதன் பொருள். அதே பல்கலைக்கழகத்தில் ஆண்டிரியாசு யுங்கான்சும் சோனத்தன் சேபரும் உருவாக்கிய ‘உருளும் கல்’ என்னும் பொருள்படும் பெயருடைய நிரல், அந்த 90 புதிர்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றை அவிழ்த்து அத்துடன் நின்றது. யாரோன் சொகாமும் அதே சேபரும் 2020-இல் வெளியிட்ட முறையே 90 புதிர்களையும் அவிழ்த்த முதல் முறை. மாந்தரோ அவற்றை முன்னரே தாளும் பொறுமையுமாய் அமர்ந்து அவிழ்த்திருந்தனர்!

இளைஞர்களே, இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இமபயாசியின் புதிர் பல்கலைக்கழகங்களையே பல்லாண்டு எண்ண வைத்தது. அதனை ஆக்குதற்குரிய குறிகளோ ஏழே. அக்குறிகள் எந்நாட்டார்க்கும் தனியுடைமை அல்ல. புதிரின் அடியில் அதன் பெயரையும் ஆக்கியோன் பெயரையும் எழுதுவது வழக்கம். தமிழெழுத்துகள் 1991-இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டன. ஒருங்குறியை ஏற்கும் நிரல்களில் அப்பெயரைத் தமிழிலேயே எழுதத் தடை யாது? பிறர் புதிருக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளும் சிறுமை மட்டும் வேண்டா. சிறிதாயினும் தமதாய் இருக்கட்டும்.

கணிப்பொறி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது எட்டாக் கனியோ எனின், அன்று. தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளைப் பெட்டிகளாக வைத்து, ஒரு கூழாங்கல்லை ஆளாக நிறுத்தினால் அதுவே கிடங்கு. இழுக்கலாகாது என்னும் நெறியைத் தானே காத்துக்கொள்ளும் நேர்மை ஒன்றே அங்கு வேண்டுவது.

முன்னோர் கரித்துண்டால் கல்லில் வரைந்தனர். வரையும் கை இன்னும் இருக்கின்றது. இன்றிரவே ஒரு தாளை எடுத்து, இரண்டு பெட்டிகளும் இரண்டு இலக்குகளும் கொண்ட ஒரு சிறு கிடங்கை வரைக. அதனைத் தங்கையிடமோ தோழனிடமோ கொடுத்து அவிழ்க்கச் சொல்க. அவர்கள் திகைத்து நின்று, பின் கண் மலர்ந்து வழி காணும் அந்நொடியில், ஆடுவதினும் ஆக்குவது எத்துணை இனிது என்பது விளங்கும்.