கூடு காய்ந்திருந்தால் விஷ மருந்து வேண்டாம்

(தோட்ட மாதர் அணிக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவர் பேசியது.)



சம்பளத்தையும் சேமலாப நிதியையும் காணி உறுதியையும் பற்றிப் பேசுகிற மேடை இது. இங்கே கோழியைப் பற்றிப் பேச வரச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்று வந்தது. முழு நாட்டுக்கும் எடுத்தால் அது 17 வீதம். நம் பிள்ளைகள் கட்டை இனத்தில் பிறந்தவர்கள் அல்ல. ரொட்டியும் சம்பலும் தின்று வளர்கிறார்கள், அதுதான் காரணம். ஐந்தாறு நாட்டுக்கோழி வைத்திருக்கும் வீட்டில் பிள்ளைக்குக் கிழமையில் நாலு முட்டையாவது கிடைக்கும். ஆகவே இதுவும் சங்கம் பேச வேண்டிய விஷயம்தான்.

நான் படித்தவள் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் கோழி வைத்திருக்கிறேன். முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு மழைக்காலம். என்னிடம் ஏழு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. கூடு லயத்துச் சுவரோடு ஒட்டிய பழைய பலகைக் கூடு. அடியில் எப்போதும் ஈரம். கோழிகள் மெலிந்து, கொண்டை வெளுத்து, முட்டையை நிறுத்திவிட்டன. இரவில் கூட்டுக்குள் ஏற மறுத்தன. கையை உள்ளே விட்டால் மிளகுத்தூள் மாதிரிப் பூச்சி ஊர்ந்தது. பக்கத்து வீட்டில் மரக்கறிக்கு அடிக்கிற பூச்சி மருந்து ஒரு போத்தலில் மிச்சம் இருந்தது. அதைத் தண்ணியில் கலந்து கூட்டுக்கும் அடித்தேன், கோழிக்கும் அடித்தேன். விடியும்போது மூன்று பெட்டை செத்துக் கிடந்தன. அதைவிடப் பயம் என்னவென்றால், காலையில் என் பேத்தி வழக்கம்போலக் கூட்டுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கடவுள் புண்ணியம், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழைத்த கோழிகள் இட்ட முட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன். "எனக்கு ஏன் முட்டை இல்லை, அப்பாயி?" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு கிழமையில் பூச்சி திரும்பி வந்துவிட்டது. பூச்சி இருந்தது கோழியில் அல்ல, கூட்டின் வெடிப்பில். கூட்டை ஈரமாகவும் இருட்டாகவும் வைத்தது நான். அந்தப் பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்ததே நான்தான். அதற்குப் பிறகு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். கூடு காய்ந்திருக்க வேண்டும், காற்று வர வேண்டும். அது இருந்தால் பாதி நோயும் பாதிப் பூச்சியும் வராது. நம் மலையில் மழையும் மூடுபனியும் ஓயாது. இங்கே கோழிக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி.

முதலில் கூடு. ஆறு கோழிக்கு நாலு அடி நீளம், மூன்று அடி அகலம் போதும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அவை வெளியேதானே மேயும். கூட்டை நிலத்திலிருந்து இரண்டு அடி உயர்த்தி, நாலு காலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு துண்டுத் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலி ஏறாது. கூரைத் தகரம் சுவரைத் தாண்டி ஓர் அடியாவது நீண்டிருக்க வேண்டும், நம் மழை நேராகப் பெய்யாது, சாய்ந்து அடிக்கும். இரவில் தகரம் வேர்த்து உள்ளே சொட்டும். அதற்குத் தகரத்துக்கு அடியில் மூங்கில் தப்பையோ பழைய பலகையோ கொடுங்கள்.

குளிருகிறதே என்று நாம் கூட்டைச் சாக்கால் சுற்றி மூடிவிடுகிறோம். அது பிழை. கோழிக்கு இறகு இருக்கிறது, அது குளிரைத் தாங்கும். ஆனால் அதன் மூச்சும் எச்சமும் விடுகிற ஈரம் வெளியே போகாவிட்டால் சளி பிடிக்கும். கூரைக்குக் கீழே ஒரு சாண் திறப்பு விட்டுக் கம்பி வலை அடியுங்கள். காற்று கோழியின் தலைக்கு மேலால் போக வேண்டும், உடம்பில் நேராக அடிக்கக்கூடாது. வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும். பெரிய கண் என்றால் எலி நுழையும். கதவை, காற்று அடிக்கும் பக்கத்தில் வைக்காமல், காலை வெயில் விழும் பக்கத்தில் வையுங்கள்.

கோழி உட்காரும் கம்பைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டுக் கம்பைப் பட்டையோடு கட்டாதீர்கள். பட்டைக்கு அடியில்தான் பூச்சி முட்டையிடும். உரித்து, வழவழப்பாக்கி, கழற்றக்கூடிய மாதிரி வையுங்கள். ஆணி அடித்து இறுக்கினால் பிறகு சுத்தம் செய்ய முடியாது.

அடுத்தது படுக்கை. வெறும் பலகையில் எச்சம் விழுந்தால் சேறாகும். காய்ந்த மரச் சீவல், உமி, காய்ந்த மானாப்புல், எது கிடைக்கிறதோ அதை மூன்று நாலு அங்குல உயரத்துக்குப் போடுங்கள். மானாப்புல் பாதையோரத்திலேயே கிடைக்கும். வெயில் அடிக்கும் நாளில் வெட்டி, நன்றாகக் காயவைத்து, சாண் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பெயின்ட் அடித்த பலகையின் தூளும் மருந்து ஏற்றிய மரத்தின் தூளும் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் இருந்தால் நைசான மரத்தூளும் போடாதீர்கள், தீனி என்று கொத்தித் தின்னும்.

இரண்டு நாளைக்கு ஒரு தரம் படுக்கையைக் குச்சியால் கிளறிவிட்டு, மேலே ஒரு பிடி புதிதாகத் தூவுங்கள். ஈரமான இடத்தை மட்டும் அள்ளி எறியுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கூட்டுக்குள் தலையை விட்டு மூச்சு இழுங்கள். மூக்கில் ஏறிக் கண் எரிந்தால் படுக்கை ஈரம். கையில் ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டையாக நின்றால் ஈரம், உதிர்ந்தால் சரி. ஈரப் படுக்கையில்தான் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். பழைய படுக்கையை வீசாதீர்கள். மூலையில் குவித்து மூடி மூன்று மாதம் மக்கவிட்டால் உங்கள் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் நல்ல பசளை.

இனிப் பூச்சி. இரண்டு சாதி உண்டு. ஒன்று கோழியின் உடம்பிலேயே இருக்கும் பேன். எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகக் கட்டி ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. இதற்குச் சாம்பல் குளியல் போதும். பழைய பேசினிலோ வெட்டிய டயரிலோ இரண்டு பங்கு காய்ந்த மண்ணும் ஒரு பங்கு அடுப்புச் சாம்பலும் கலந்து, மழை படாத இடத்தில் வையுங்கள். கோழி தானாகப் போய்ப் புரளும். மிலாறு எரித்த சாம்பல் நல்லது. ஆனால் பொலித்தீன் போட்டு மூட்டிய அடுப்பின் சாம்பலை எடுக்காதீர்கள். சாம்பல் நனைந்தால் காரம் இறங்கிக் கோழியின் தோலைச் சுடும், அதனால் காய்ந்தே இருக்க வேண்டும்.

இரண்டாவது, என்னை ஏமாற்றிய கூட்டுப் பூச்சி. பகலில் வெடிப்பில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழி இல்லாத வெறுங்கூட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இரவில் டோர்ச்சோடு போய், ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் பூச்சி இருக்கிறது. அடுத்த நாள் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்லி, கம்பைக் கழற்றி, எல்லா வெடிப்பிலும் கொதிதண்ணி ஊற்றுங்கள். படுக்கை முழுவதையும் மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, வெடிப்புகளில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுங்கள். ஒரு தரம் செய்தால் போதாது, முட்டை பொரித்துப் புதுப்பூச்சி வரும். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தரம் செய்ய வேண்டும். வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு என் கூட்டில் விஷ மருந்து வாசமே இல்லை.

காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அதுவும் ஒரு பூச்சிதான். சவர்க்காரத் தண்ணியால் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயைத் தடிப்பாகப் பூசுங்கள். மூன்று நாலு கிழமை விடாமல் பூசினால் மாறும். மண்ணெண்ணெய் பூசாதீர்கள், தோல் வெந்துபோகும்.

கீரியும் மரநாயும் பூட்டாத கதவைத்தான் தேடி வரும். பொழுதுபடும்போது எண்ணிப் பார்த்து அடைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மிச்சத் தீனியை இரவில் கூட்டில் விடாதீர்கள். தீனிக்கு எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சல் வரும். எலிப் பாசாணமும் வைக்காதீர்கள், செத்த எலியைக் கோழி கொத்தும், நாயும் தின்னும். மலையில் புல்லுக்கு மருந்து அடித்த அன்றும் அதற்கு அடுத்த நாட்களிலும் கோழியை அந்தப் பக்கம் விடாமல் அடைத்து வையுங்கள். மருந்து அடிக்கும் தம்பிமாரே, எந்த மலையில் அடிக்கிறீர்கள் என்று முதல்நாளே லயத்தில் சொல்லிவிடுங்கள். காலியான மருந்துக் கானில் கோழிக்குத் தண்ணி வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இன்றோடு அதை விடுங்கள்.

குளிர் என்று கோழியைக் காம்பராவுக்குள் கட்டிலுக்கு அடியில் அடைக்கிறோமே, அதையும் விட வேண்டும். ஒரே அறையில் கைப்பிள்ளையும் கோழித் தூசும் இருக்கக்கூடாது. கூட்டைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் சோற்றில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன நான் ஒன்றை மறைக்கக்கூடாது. இயற்கையாக வளர்ப்பது என்றால் ஊசி, சொட்டு மருந்து எதுவுமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சல் வந்தால் மஞ்சளும் உள்ளியும் அதை நிறுத்தாது. கழுத்து முறுகி, ஒரே கிழமையில் லயம் முழுக்கக் கோழி விழும். வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுப்பு மருந்து கொடுப்பது ஒன்றே வழி. செத்த கோழியை ஆற்றில் வீசுவதும் கறி வைப்பதும் நோயைப் பரப்பும் வேலை. ஆழமாகப் புதையுங்கள். கொண்டையில் கொப்புளம் போடுகிற அம்மை நுளம்பால் வரும். கூட்டைச் சுற்றித் தண்ணி தேங்கும் தகரத்தையும் டயரையும் கவிழ்த்தால், கோழிக்கு அம்மையும் குறையும், நமக்கு டெங்கும் குறையும்.

தடுப்பு மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சின்னக் குப்பியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதுமான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் ஒருத்தி தனியாகப் போனால் அவ்வளவும் வீண். ஆனால் இரண்டு மூன்று லயம் ஒன்றாகச் சேர்ந்து, இத்தனை கோழி என்று பேர் எழுதிக் கொடுத்தால், மிருக வைத்தியர் அலுவலகத்தில் ஒரு நாள் குறித்துக் கேட்கலாம். ஒருத்தியால் ஆகாதது பத்துப் பேர் சேர்ந்தால் ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கத்தையே அப்படித்தானே கட்டினோம்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று, மாதர் அணி லயம் லயமாகக் கோழிக் கணக்கு எடுத்து, அடுத்த பெருமழைக்கு முன் தடுப்பு மருந்துக்கு ஒரு நாள் ஒழுங்கு செய்ய வேண்டும். இரண்டு, லயத்துக்குப் பின்னால் கூடு வைக்கவும் நாலு மரக்கறி நடவும் உள்ள இடத்தை யாரும் நினைத்த நேரம் எடுக்க முடியாதபடி எழுத்தில் பெற்றுத்தர நம் தலைவர்மார் பேச வேண்டும். நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் ஆகிவிட்டது. கோழிக்கு நாம் கூடு கட்டுகிறோம். அந்தக் கூடு நிற்கிற மண் இன்னும் நம் பேரில் இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் கூட்டுக்குள் தலையை விட்டு ஒரு தரம் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் நாளைக்கே படுக்கையை மாற்றுங்கள். அது போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து தொடங்கும்.