கண்ணில்லாமல் வரும் பொம்மை



பொம்மை என்றதும், குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைத்து வானொலியின் ஓசையைக் குறைத்துவிடாதீர்கள். நான் பேசப்போவது பெரியவர்கள் தங்களுக்காகவே வாங்கிச் சேர்க்கும் பொம்மைகளைப் பற்றி. ஜப்பானில் இப்படிப்பட்ட பொம்மை ஒன்றின் விலை நம் பணத்தில் 40,000 ரூபாயைத் தாண்டுவது சர்வசாதாரணம். அவ்வளவு கொடுத்து வாங்கிப் பெட்டியைத் திறந்தால், சில சமயம் உள்ளே இருப்பதற்குக் கண் இருக்காது. தலைமுடி இருக்காது. புருவம் இல்லை, உதட்டில் நிறம் இல்லை. ரெசின் என்ற வெளிறிய செயற்கைப் பிசினில் வார்த்த ஒரு மொட்டைத் தலை, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை, அவ்வளவுதான்.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாங்கியவர் கேட்டு வாங்கியதே அப்படித்தான். முகத்தைத் தன் கையால், தன் மனசுப்படி வரைந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே அவர் அந்த விலையைக் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பழக்கம் பரவக் காரணமாக இருந்தது கியோட்டோ நகரத்து நிறுவனம் ஒன்று. பெயர் வோக்ஸ். உருவ மாதிரிகளை ரெசினில் துண்டு துண்டாக வார்த்து விற்பார்கள். வாங்குபவரே அவற்றை ஒட்டி, உரசி, வண்ணம் பூசிக்கொள்ளவேண்டும். அந்தத் தொழிலில் பழகிய கைகள் 1999-ல் சூப்பர் டால்ஃபி என்ற பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தன. உயரம் ஏறக்குறைய இரண்டடி. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் உருண்டை, அது உட்கார ஒரு குழி. கை, கால், உடல் எல்லாமே உள்ளே வெற்றிடம். தலையிலிருந்து பாதம்வரை எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. கட்டிலுக்கு நாடா இழுத்துக் கட்டுவதைப்போல அதை இழுத்துக் கொக்கியில் மாட்டினால், பொம்மை தானே நிற்கும், காலை மடித்து உட்காரும், கன்னத்தில் கை வைத்துக்கொள்ளும். கயிறு தளர்ந்துவிட்டால் நின்ற இடத்தில் அப்படியே மடங்கி விழும்.

இந்த உருண்டை மூட்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1930-களில் ஹான்ஸ் பெல்மர் என்ற ஜெர்மானியக் கலைஞர் உருண்டை மூட்டு வைத்துச் செய்த, பார்ப்பவரைச் சங்கடப்படுத்தும் பொம்மைகளின் புகைப்படங்கள் பிற்பாடு ஜப்பானியக் கலைஞர்கள் கண்ணில் பட்டன. யோட்சுயா சிமோன் என்பவர் 1960-களில் அவற்றைப் பார்த்துத்தான் தன் பொம்மைக்கலையின் போக்கையே மாற்றிக்கொண்டார். கலைக்கூடத்தில் இருந்த அந்த மூட்டு, வோக்ஸ் வழியாகச் சாதாரண மனிதர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் கொரியாக்காரர்களும் போட்டியில் இறங்கிவிட்டார்கள்.

சரி, அந்த மொட்டைத் தலைக்கு வருவோம். பின்மண்டை மூடி தனியாகக் கழன்று வரும். அதற்குள்ளே விரலை விட்டு, கண்ணாடியிலோ அக்ரிலிக்கிலோ செய்த கண்ணைப் பிசின்மாதிரியான ஒரு பசையால் ஓட்டைக்குப் பின்னால் ஒட்டவேண்டும். பசை காய்ந்து இறுகாது என்பதுதான் இதில் சூட்சுமம். கண்ணை ஒரு மயிரிழை கீழே தள்ளினால் பொம்மைக்கு வருத்தம் வந்துவிடும். இரண்டையும் ஒரே பக்கம் திருப்பினால் உங்களை மதிக்காமல் எங்கோ பார்க்கும். கருவிழி சிறியதாக இருந்தால் முகம் முதிர்ந்து தெரியும், பெரியதாக இருந்தால் பத்து வயது குறையும். இதற்காகவே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

அடுத்து முகம் எழுதுவது. முதலில் பளபளப்பை அடக்க ஒரு பூச்சைத் தெளித்துக் காயவைக்கிறார்கள். அப்போதுதான் நிறம் பிடிக்கும். பாஸ்டல் குச்சியைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி, மென்மையான தூரிகையால் கன்னத்திலும் கண் ஓரத்திலும் மூக்கு நுனியிலும் ஒற்றுகிறார்கள். பிறகு நாலைந்து மயிர் மட்டுமே உள்ள தூரிகையால் புருவத்தை இழை இழையாக வரைகிறார்கள். உதட்டுக்கு மேல் துளி மினுக்கம். கடைசியில் மறுபடியும் ஒரு காப்புப் பூச்சு. பிடிக்கவில்லையா? கரைப்பான் தொட்டுத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். முகம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட கலைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் தலையை மட்டும் தபாலில் அனுப்பி எழுதி வாங்குகிறார்கள். உடம்பு தலையில்லாமல் வீட்டில் காத்திருக்கும்!

ஒரே அச்சில் வார்த்த பத்துத் தலைகள் பத்துப் பேர் கைக்குப் போனால், பத்து முகமாகிவிடும். ஒருவர் மூக்கின்மேல் வெயில் புள்ளிகளைத் தெளிக்கிறார். ஒருவர் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம் வரைகிறார். ஒரு புருவத்தைச் சற்று உயர்த்தி எழுதுகிறவர் உண்டு, உதட்டோரம் தழும்பு வைப்பவர் உண்டு. கடையில் விற்கும் அழகில் இவை எதுவும் கிடையாது. கடைக்காரர் கொடுத்த வழவழப்பின்மேல் இவற்றைக் கொண்டுவந்து சேர்த்தது வாங்கியவர்தான். என் கணிப்பில், ஒருவருடைய அழகுணர்ச்சியை அவர் எந்தப் பொம்மையை வாங்கினார் என்பதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வாங்கியபின் அதில் எதை மாற்றினார் என்று பார்க்கவேண்டும்.

இதற்கு நல்ல சாட்சி ப்ளைத் என்ற பொம்மை. 1972-ல் அமெரிக்காவில் கென்னர் நிறுவனம் இதை வெளியிட்டது. உடம்பு ஒல்லி, தலை மட்டும் பூசணிக்காய் அளவுக்குப் பொருத்தமில்லாமல் பெரிது. தலைக்குப் பின்னால் தொங்கும் கயிற்றை இழுத்தால் இமை மூடித் திறக்கும். திறக்கும்போது கண்ணின் நிறம் மாறியிருக்கும். இப்படி நான்கு நிறங்கள். குழந்தைகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரே ஆண்டில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் நியூயார்க்கைச் சேர்ந்த ஜினா காரன் என்பவர் கையில் ஒரு பழைய ப்ளைத் கிடைத்தது. போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோய்ப் படமெடுத்தார். அந்தப் படங்கள் 2000-ல் புத்தகமாக வந்தன. ஜப்பானிய விளம்பரம் ஒன்றிலும் ப்ளைத் தலைகாட்டியது. 2001-ல் அந்நாட்டு டகாரா நிறுவனம் புதிதாகவே தயாரித்து விற்க ஆரம்பித்தது. முப்பது ஆண்டுக்கு முன் பிள்ளைகள் ஒதுக்கிய அதே கண்களைத்தான் பெரியவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் சும்மாவும் விடவில்லை. உப்புத்தாளால் முகத்தின் மினுமினுப்பைத் தேய்த்து எடுத்தார்கள். மூக்கையும் உதட்டையும் சிறு உளியால் செதுக்கினார்கள். கண் சில்லுகளைப் பிடுங்கிவிட்டுக் கையால் வரைந்த சில்லுகளைப் பதித்தார்கள். நைலான் முடியை எடுத்துவிட்டு ஆட்டு ரோமத்தை நட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இப்படிச் செதுக்கிய ப்ளைத் பொம்மைகளை நூறு இருநூறு வரிசையாகப் பார்த்தால், முதல் பத்து ஆச்சரியமாக இருக்கும், அப்புறம் அலுத்துவிடும். சற்றுத் தூக்கிய மேலுதடு, மூக்கின்மேல் புள்ளி, குளிரில் சிவந்தாற்போன்ற கன்னம் என்று எல்லாம் ஒரே சாயல். கையில் உளியைக் கொடுத்து, உன் இஷ்டம்போல் செய்துகொள் என்று விட்டாலும், பெரும்பாலோர் பக்கத்து வீட்டு அழகைத்தான் செய்துகொள்கிறார்கள்! சொந்த ரசனை என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதிக்குமேல் ஊராருடையது.

அந்த ஊரார் ரசனை எவ்வளவு சின்ன வயதிலேயே உள்ளே போய்விடுகிறது என்பதைப் பொம்மைகளை வைத்தே காட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பின உளவியலாளர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி. 1940-களில், நிறத்தைத் தவிர மற்றெல்லாம் ஒன்றாக உள்ள பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வைத்தார்கள். மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகள். எது நல்ல பொம்மை, எதன் நிறம் நல்ல நிறம் என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தன. உன்னைப்போல் இருக்கும் பொம்மையைக் கொடு என்று கேட்டபோது, சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையைவிட்டு ஓடின. 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்துவைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டிக்காட்டியது.

இந்தக் கதை பழையதாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். மூட்டுப் பொம்மை விற்கும் நிறுவனங்கள் பலவற்றில் வெளிர் நிறம் எப்போதும் கிடைக்கும். பழுப்பு நிறம் வேண்டுமானால் தனியாகச் சொல்லிவைக்கவேண்டும். குறிப்பிட்ட மாதங்களில் மட்டுமே வார்ப்பார்கள், விலையும் கூட வைப்பார்கள். பழுப்பு ரெசினில் உரசினால் கோடு வெளுப்பாகத் தெரியும், வேலை கடினம் என்று காரணம் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் கேட்பவர் கூட்டம் அதிகமாக இருந்தால், கடினமான வேலைக்கும் ஒரு வழி பிறந்துவிடும்.

பார்பியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் 1959 மார்ச் மாதம் நியூயார்க் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தினார். லில்லி என்ற ஜெர்மன் பொம்மையைப் பார்த்து எடுத்த உருவம் அது. ஆரம்பகாலப் பார்பி உங்களை நேராகப் பார்க்காது, ஓரக்கண்ணால்தான் பார்க்கும். 1971-ல்தான் பார்வை நேரானது. உடல்வாகு மாற இன்னும் நெடுநாள் ஆயிற்று. உயரமானவள், குள்ளமானவள், சதைப்பிடிப்பானவள் என்று மூன்று புதிய உடல்கள் 2016-ல் வந்தன. ஐம்பத்தேழு ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே உடல்வாகே உலகத்துக்குப் போதுமாக இருந்திருக்கிறது!

பார்பி சேர்ப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. இவர்கள் எதையும் மாற்றமாட்டார்கள், பெட்டியையே திறக்கமாட்டார்கள். அட்டை மடிப்புக் கலையாமல், உள்ளே இருக்கும் சின்னக் காகிதம்கூட இடம் மாறாமல் இருக்கவேண்டும். 1959-ன் முதல் பார்பியின் உள்ளங்காலில் தாங்கியில் நிறுத்துவதற்காக இரண்டு துளைகள் உண்டு, துளைக்குள் செப்புக் குழாய். சேகரிப்பாளர் முதலில் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துப் பாதத்தைத்தான் பார்ப்பார். அந்தக் காலத்து வினைல் நாளடைவில் நிறம் இழந்து தந்தம்போல வெளுத்துவிட்டது. செய்தவர்கள் நினைத்தே பார்க்காத அந்த வெளுப்பு இன்று அசலுக்கு அடையாளம். காசுக்காகச் செய்வது என்று இவர்களை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் முகத்தைவிடப் பாதத்துத் துளை ஒருவருக்கு அழகாகப் படுகிறது என்றால், அவர் தேடுவது கைபடாத பழமையை என்று புரிந்துகொள்ளலாம்.

ரெசின் பொம்மைக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறான கவலை. வெயில் பட்டால் ரெசின் மஞ்சளாகிவிடும். படாவிட்டாலும் நாளாக ஆக மஞ்சளாகும், என்ன, சற்று மெதுவாக. ஜன்னல் பக்கம் வைக்காதவர்கள், துணியில் சுற்றி இருட்டில் வைப்பவர்கள், இவ்வளவு பாடுபட்டு எழுதிய முகத்தைத் தாங்களே பார்க்காமல் பூட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். மஞ்சளானால் ஆகட்டும், கூட இருந்து வயசாகட்டும் என்று மேசையிலேயே உட்காரவைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பின்னவர்களைத்தான் பிடிக்கிறது.

பாதி செய்து மீதியை உடையவர் கைக்கு விடும் பொம்மை நமக்குப் புதிதல்ல. நம் மரப்பாச்சி இருக்கிறதே! செம்மரத்தில் செதுக்கிய ஆணும் பெண்ணும், கல்யாணத்தின்போது பெண்ணுக்குத் தாய்வீட்டார் கொடுப்பது, கொலுவில் முன்னுரிமை பெற்றது. தச்சர் மூக்கையும் கண்ணையும் கோடாகக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். மற்றதெல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. ஒரு வீட்டில் மரப்பாச்சிப் பெண்ணுக்குக் கிழிந்த பட்டுப்புடவையின் சரிகைக் கரையில் பாவாடை. இன்னொரு வீட்டில் மடிசார். ஆணுக்கு ஒரு வீட்டில் அங்கவஸ்திரம், அடுத்த வீட்டில் கோட்டும் தலைப்பாகையும். நகை போதவில்லை என்று பாசிமணியைக் கோத்துப் போடுகிறவர்கள் உண்டு. மரத்தின் கருஞ்சிவப்பை மறைக்க முகத்துக்கு வெள்ளை அடிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கறுத்த முகத்தில் சுண்ணாம்பால் கண் வைத்து, நெற்றியில் பொட்டிட்டு, அழகாகத்தான் இருக்கிறாள் என்று படியில் ஏற்றினார்கள். இப்போது சீர்வரிசைக் கடைகளில் முகம், புருவம், உதடு எல்லாம் இயந்திரத்தில் அச்சடித்து, உடையையும் ஒட்டியே விற்கிறார்கள். வேலை மிச்சம் என்று வாங்கியும் போகிறோம். எனக்கு அது அவ்வளவாக உவப்பாக இல்லை.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மரப்பாச்சி இருந்தால், இந்த நவராத்திரிக்குப் புதுத்துணி போடும் ஆசையில் பழைய உடையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கழற்றும்முன் ஒரு படம் எடுத்துவையுங்கள். அந்தச் சரிகைத் துண்டு யாருடைய புடவையிலிருந்து வெட்டியது, தைத்தது யார், மணி கோத்தது யார் என்று வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதிப் பொம்மையோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். புது உடையை உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ தங்கள் இஷ்டப்படி தைக்கட்டும். நிறம் பொருந்தவில்லை என்று குறுக்கே போகாதீர்கள்.