காற்றை எதிர்நிற்கும் கதிர்ப்பொறி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் முழங்கிய இம்மேடையில் எஃகுக் குழாயையும் காற்றையும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்துள்ளனர். நம் காலனியில் சூரிய மின்நிலையங்களில் பணிபுரிவோர் பலர். வீட்டுக் குழந்தை, "அப்பா, உங்கள் வேலை என்ன?" என்று கேட்டால் தமிழிலேயே விடை கூற இயலவேண்டும் என்பது சங்கத்தாரின் விருப்பம். அத்தொழிலில் பல்லாண்டு ஈடுபட்ட எங்கள் குழுவினர் சார்பில் இவ்வுரையை வழங்குகின்றோம். எங்கள் தவறு ஒன்றையும் இதில் மறையாது கூறுவோம்.

பிழைப்பை நாடி ராஜஸ்தானத்திற்கு வந்த நாம் இங்குள்ள வெயிலை நன்கு அறிவோம். ஜோத்பூருக்கு வடக்கே, பட்லாவில் அமைந்துள்ள சூரியப் பூங்கா ஒன்றின் திறன் மட்டும் 2245 மெகாவாட் ஆகும். வெயிலை வாரி வழங்கும் இந்நிலமே, 'ஆந்தி' என்னும் புழுதிப் புயலையும் வழங்குகின்றது. 2018ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் வீசிய புயலில், இம்மாநிலத்திலும் உத்தரப் பிரதேசத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திலோம். ஞாயிற்றை நம்பித் தொழில் செய்வோர் காற்றையும் கருத்தில் கொண்டே ஆகவேண்டும்.

சூரியப் பலகைகளை ஒரே சாய்வில் நிலையாக நிறுத்துவது ஒரு முறை. காலையில் கிழக்கு நோக்கியும், நண்பகலில் வானை நோக்கியும், மாலையில் மேற்கு நோக்கியும் அவற்றைத் திருப்பிக்கொண்டே இருப்பது மற்றொரு முறை. இவ்வாறு திருப்பும் பொறியையே 'டிராக்கர்' என்கின்றோம். வடக்குத் தெற்காக நீண்ட எஃகுக் குழாய் ஒன்றைத் தூண்கள் தாங்கி நிற்கும். அக்குழாயின்மேல் பலகைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் வரிசையின் நடுவே உள்ள மோட்டார் ஒன்றே முழு வரிசையையும் சுழற்றும். நிலையான பலகைகளைக் காட்டிலும் இவ்வமைப்பில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை மிகுதியான மின்சாரம் கிடைக்கும்.

ஆயின், ஊதியம் இருக்கும் இடத்தில் இடரும் உண்டு. காற்றின் விரைவு இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவுள்ள காற்று, தன்னை நேரே எதிர்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 24 கிலோ எடை அளவு அழுத்தும். 144 கிலோமீட்டர் விரைவில் வீசினால் அதுவே 98 கிலோ ஆகும். இரண்டரைச் சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பலகையின்மீது நான்கு ஆடவர் ஏறி நின்றதற்கு ஒப்பாகும் அது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875, ஜோத்பூருக்கு வினாடிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 169 கிலோமீட்டர் விரைவை அடிப்படையாகக் கொள்ளுமாறு கூறுகின்றது.

இவ்வளவு பெரிய விசையை எதிர்த்து நிற்பதைவிட அதற்கு வழிவிட்டுப் பணிவதே அறிவுடைமை என்று கருதினோம். நாணல் வளைந்து பிழைக்கும் என்பது நாம் இளமையில் கற்ற பாடம் அன்றோ? ஆகவே, காற்றளவி ஒரு குறிப்பிட்ட விரைவைக் காட்டியவுடன் எல்லா வரிசைகளும் தரைக்கு இணையாக மட்டமாகிவிட வேண்டும் என்று விதி வகுத்தோம்.

மே மாதத்து மாலை ஒன்றில் அவ்விதிக்குச் சோதனை வந்தது. பலகைகள் அனைத்தும் மேற்கு நோக்கிச் செங்குத்தாகச் சாய்ந்திருந்த வேளையில், மேற்கிலிருந்தே ஆந்தி எழுந்தது. மட்டமாகுமாறு ஆணை சென்றது. ஆனால் முதல் வீச்சிலேயே மின்சாரம் அற்றுப்போயிற்று, மோட்டார்கள் அசையவில்லை. மேற்கு ஓரத்து வரிசைகள் பெயர்ந்தன. பொறியைக் கையால் திருப்ப ஓடிய ஊழியர் ஒருவர், பறந்து வந்த கண்ணாடிக்குத் தப்பியது அவர்தம் நற்பேறு. மின்சாரம் ஆக்கும் நிலையத்திலேயே மின்சாரம் இன்றிப் பொறி நின்றுபோன கொடுமையை என்னென்பது! அன்றுமுதல் ஒவ்வொரு பொறிக்கும் தனி மின்கலம் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றோம். வரிசை திரும்பி முடியச் சில நிமிடங்கள் ஆகும். ஆதலின் ஆபத்தான காற்று வரும்வரை காத்திராமல், அதற்கு வெகு முன்னரே திரும்பத் தொடங்கவேண்டும் என்றும் கற்றோம். பழைய பாம்பன் பாலத்தில் இம்முறையே கையாளப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அங்கே ரயிலுக்குச் சிவப்பு விளக்கு விழும். பாலம் தாங்கும் எல்லைவரை சோதித்துப் பார்க்க அங்கு எவரும் துணியவில்லை.

இனி எங்கள் தவறுக்கு வருவோம். இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் காற்று வீசியது. முன்னதினும் மெலிந்த காற்று. இம்முறை மின்கலம் இருந்தது. வரிசைகள் எல்லாம் குறித்த நேரத்தில் மட்டமாயின. நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டோம். சிறிது நேரத்தில் வரிசைகளின் இரு நுனிகளும் மேலும் கீழுமாக முறுக்கி ஆடத் தொடங்கின. ஆட்டம் அடங்கவில்லை, வளர்ந்தது. சில வரிசைகளில் குழாயே முறுக்குண்டு போயிற்று. மட்டமாகக் கிடத்தலே காப்பு என்று எழுதிக் கையொப்பமிட்டவர்கள் நாங்களே.

காரணம் யாது? மெல்லிய பரப்பு மட்டமாக இருக்கும்போது காற்று அதன் முன்விளிம்பைச் சற்றே தூக்குகின்றது. குழாய் முறுக்கப்படுகின்றது. முறுக்கிய குழாய் வில்லைப்போல் மீள்கின்றது. மீளும் விரைவில் நடுநிலையைக் கடந்து மறுபுறம் சாய்கின்றது. உடனே காற்று மேலிருந்து அழுத்துகின்றது. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளிவிடுவதுபோல், ஒவ்வோர் ஆட்டத்திற்கும் காற்று வலிமை சேர்க்கின்றது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து டகோமா தொங்குபாலம், 1940ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாளே இடிந்து வீழ்ந்தது. அன்று வீசிய காற்று மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர்தான். பாலத்தை வீழ்த்தியது வளர்ந்துகொண்டே போன முறுக்காட்டம். அந்நிகழ்ச்சியைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் நாங்கள். எங்கள் வரிசைகளில் அதனைக் காணத் தவறினோம்.

இதற்கு மருந்து ஒன்றன்று, பல. வரிசையின் நீளத்தைக் குறைக்கலாம், குழாயைப் பருமனாக்கலாம். நடுவில் மட்டுமன்றிப் பல தூண்களிலும் குழாயைப் பூட்டிப் பிடிக்கலாம். வண்டிகளில் உள்ள ஷாக் அப்சார்பர் போன்ற உறுப்புகளைப் பொருத்தி ஆட்டத்தை விழுங்கச் செய்யலாம். மட்டமாக்காமல் தக்கதொரு சாய்விலேயே நிறுத்தினும் ஆட்டம் பெரும்பாலும் அடங்கும். ஆனால் அப்போது நேர் அழுத்தம் மிகும். தூணும் அடித்தளமும் அதற்கேற்ப வலுப்பெற வேண்டும். உள்வரிசைகளுக்கு வெளிவரிசைகளே மதிலாக நிற்பதால், ஓரத்துத் தூண்களுக்கு மிகுதியான எஃகு தேவை. எந்தச் சாய்வு தக்கது என்பதைக் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்துச் சோதித்தே முடிவு செய்யவேண்டும். அம்மாதிரியும் அசையாத கட்டையாக இராமல், உண்மைக் குழாயைப்போல் முறுக்கி ஆடவல்லதாய் இருத்தல் வேண்டும்.

இவை அனைத்திற்கும் பணம் செலவாகும். விலைப்புள்ளியில் முதலில் குறைக்கப்படுவதும் இவையே. ஆகவே இத்தொழிலில் புகும் நம் காலனி இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் கையொப்பமிடும் முன்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளி மின்சாரம் அற்றபோதும் பொறி திரும்புமா? நிறுத்தும் சாய்வில் முறுக்காட்டம் எழாது என்று சோதித்தாயிற்றா? ஓரத்து வரிசைக்குத் தனிக் கணக்குப் போட்டாயிற்றா? மூன்றில் ஒன்றிற்கு விடை இல்லையேனும் பேனாவை மூடி வைத்துவிடுங்கள். மேலதிகாரி சினந்தால் சினக்கட்டும். புயல் நாளில் அவ்வரிசைகளுக்கிடையே நிற்கப்போகும் ஊழியரும் நம்மைப்போல் ஒரு குடும்பத்தின் தலைவரே.