லாரிக்கு நஷ்டம் மதிப்பிடும் சர்வேயருக்குச் சங்கம் எதற்கு?

(நமது டிரஸ்ட் நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சர்வேயர் என்றதும் சங்கிலி போட்டு நிலம் அளப்பவர்தான் நம் ஞாபகத்துக்கு வருகிறார். நான் இன்று பேச வந்தது அவரைப் பற்றி அல்ல. லாரி கவிழ்ந்தாலும் மில்லில் தீப்பிடித்தாலும் நேரில் வந்து பார்த்து, நஷ்டம் இவ்வளவு என்று கணக்குப் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கிறாரே, அந்தச் சர்வேயரைப் பற்றி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரியோ, டேங்கரோ, ரிக் வண்டியோ சம்பந்தப்படாத தெரு குறைவு. வண்டி ஓட்டுபவர், பட்டறை வைத்திருப்பவர், கடன் வாங்கி ஒன்றிரண்டு வண்டி விட்டிருப்பவர் என்று நம் ஜமாஅத்திலும் இருக்கிறோம். அந்த வண்டிகளின் நஷ்டத்தை மதிப்பிடும் இடத்தில்தான் நம் பிள்ளைகளைக் காணோம்.

இன்சூரன்ஸ் மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அந்த மஸ்அலாவை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மேடையில் நான் ஃபத்வா கொடுக்கப் போவதில்லை. வண்டி ரோட்டில் ஓட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. மதிப்பிடும் வேலையோ நமக்குப் புதிதல்ல. ஒருவர் பொருளை இன்னொருவர் சேதப்படுத்தினால் அதன் விலையைச் சொல்ல ‘முகவ்விம்’ என்ற விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அவர் ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா என்று இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடுகூட உண்டு. ஒரே ஆள் சொல்லும் விலையில் பிசகு வரலாம் என்ற கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

நம் நாட்டில் 1938 இன்சூரன்ஸ் சட்டத்தில் 64யூஎம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1968 திருத்தத்தில் சேர்த்தது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் க்ளைமை லைசென்ஸ் பெற்ற சர்வேயர் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம். இவர் கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஆள் அல்ல. வீட்டின் முன்னறையை ஆபீஸாக்கி, தனியாகவோ ஒரு உதவியாளரை வைத்தோ தொழில் செய்பவர்.

வேலை என்னவென்று தம்பிகளுக்குச் சொல்கிறேன். விபத்து நடந்த இடத்தில் பார்ப்பது ஸ்பாட் சர்வே. பட்டறையில் கழற்றிப் போட்ட பிறகு பார்ப்பது பைனல் சர்வே. அப்புறம் கழிவுக் கணக்கு. வழக்கமான பாலிசியில் கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. டயர், பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி போய்விடும். இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். மூன்று வயது தாண்டியிருந்தால் 25 சதவீதம், ஐந்து தாண்டினால் 40, பத்து தாண்டினால் 50. இதுவரைக்கும் அட்டவணை வைத்துக்கொண்டு யாரும் போட்டுவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நாமக்கல் பட்டறையில் கட்டிய பாடிக்குக் கம்பெனி விலைப்பட்டியல் எங்கே இருக்கிறது? மரம் என்ன, தகடு என்ன கனம், கூலி எவ்வளவு என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். வளைந்த சேசிஸை நிமிர்த்திவிடலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா? கழித்த இரும்பு என்ன விலைக்குப் போகும்? இந்த மூன்று கேள்விக்கும் சர்வேயர் தன் அனுபவத்தை வைத்துத்தான் பதில் எழுதுகிறார். அதில் ஐம்பதாயிரம் கூடுவதும் குறைவதும் தவணை கட்டும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தச் சர்வேயரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவருக்கு வேலை கொடுப்பது கம்பெனி. ஃபீஸ் கொடுப்பதும் கம்பெனி. ‘கொஞ்சம் குறைத்து எழுதுங்கள்’ என்று அங்கிருந்து ஒரு போன் வருகிறது. இந்தப் பக்கம் வண்டிக்காரர், ‘பாய், கொஞ்சம் ஏற்றிப் போடுங்கள், உங்களைக் கவனித்துக்கொள்கிறேன்’ என்கிறார். எனக்குத் தெரிந்த சர்வேயர் ஒருவர் சொன்னார்: “போனில் முடியாது என்று சொல்லிவிடலாம் அண்ணே. அடுத்த மாதம் ஃபைல் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?”

இந்தக் கேள்விக்காகத்தான் சங்கம். இன்சூரன்ஸ் சர்வேயர்களுக்கென்றே அகில இந்திய அளவில் ஐஐஐஎஸ்எல்ஏ என்ற அமைப்பு 2005இல், ஒழுங்குமுறை ஆணையத்தின் முயற்சியால், ஐதராபாத்தில் ஏற்பட்டது. லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என்று மூன்று படிகள். 2015 விதிமுறைகள் வந்தபின் லைசென்ஸ் வேண்டுமானால் அதில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். ‘அப்படியானால் சேர்வதன் நன்மையை ஏன் பேசுகிறீர்கள், சேர்ந்துதானே தீரணும்’ என்று கேட்கலாம். சந்தா கட்டி அட்டை வாங்கிப் பையில் வைப்பது ஒன்று. கூட்டத்துக்குப் போய், நாலு சீனியர்களின் நம்பரை வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்பது வேறு. பெரும்பாலானவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. இன்ஜினில் சென்சாரும் எலக்ட்ரானிக் பெட்டியும் நிறைந்துவிட்டன. பழைய லாரியோடு வளர்ந்த சர்வேயர், தண்ணீர் புகுந்த வண்டியில் எது கெட்டது, எது பிழைத்தது என்று தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. 2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். அந்தக் கணக்கும் இனிச் சேரும். லாரி மட்டுமே பார்த்தவருக்கு ஒரு ஜவ்வரிசி ஆலையின் தீ விபத்து வந்தால்? நனைந்த மாவு எது, புகை பிடித்த மாவு எது, எதை விற்கலாம் என்று சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவர் சேலத்திலேயே இருப்பார். சங்கக் கூட்டத்தில் சந்தித்திருந்தால்தான் அவரிடம் கேட்க முடியும்.

கம்பெனியோடு பேசும்போதும் அப்படித்தான். ஃபீஸ் பழைய விகிதத்திலேயே நிற்கிறது, பயணச் செலவுக்குக்கூடக் கட்டவில்லை என்று ஒருவர் கடிதம் எழுதினால் அது ஃபைலில் தூங்கும். முட்டை விஷயத்தில் நாம் கண்ணால் பார்த்ததுதானே. வியாபாரி சொன்ன விலைக்குப் பண்ணைக்காரர் கொடுத்துக்கொண்டிருந்த காலம் போய், 1982இல் என்இசிசி வந்தபின் நாமக்கல் விலை என்று ஒன்று தினமும் பேப்பரில் வருகிறது. சர்வேயர் மதிப்பீட்டை அப்படிக் கூடிப் பேசி நிர்ணயிக்கக் கூடாது, அது வேறு. ஃபீஸையும் நடைமுறையையும் பேசலாம்.

சட்டமும் அவருக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காக, தனக்குத் தோதான அறிக்கை கிடைக்கும்வரை ஒருவர் மாற்றி ஒருவராகச் சர்வேயரை நியமித்துக்கொண்டே போகக் கூடாது, நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், சர்வேயர் அறிக்கையே முடிந்த முடிவு அல்ல என்றும் சொன்னது. இரண்டையும் தெரிந்த சர்வேயர் கம்பெனிக்கு நிதானமாகப் பதில் எழுதுவார். தெரியாதவர் பயந்துபோய்த் தொகையைக் குறைத்துவிடுவார்.

சங்கத்தைப் பற்றி ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். அது யாருக்கும் ஃபைல் வாங்கிக் கொடுக்காது. தேர்தல் சண்டையிலேயே பொழுது போக்கும் சங்கங்களையும் பார்த்திருக்கிறோம். நம் ஜமாஅத் தேர்தல்களைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தப்பு செய்தவரைக் காப்பாற்றும் சங்கம் இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல்.

வழி என்னவென்று கேட்பவர்களுக்கு: இன்ஜினியரிங் பட்டமோ டிப்ளமோவோ இருந்தால் முதலில் ஐஐஐஎஸ்எல்ஏவில் மாணவ உறுப்பினராகப் பதிய வேண்டும். அனுபவமுள்ள ஒரு சர்வேயரிடம் பயிற்சி எடுத்து, இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் நடத்தும் தேர்வையும் எழுதிய பிறகுதான் லைசென்ஸ். பயிற்சிக் காலத்தில் வருமானம் அநேகமாக இருக்காது. வீட்டில் அதற்கு முன்கூட்டியே தயாராகுங்கள். யாரிடம் பயிற்சிக்குச் சேருகிறீர்கள் என்பது முக்கியம். பட்டறைக்காரர்களிடமும் வண்டிக்காரர்களிடமும் அவர் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டுச் சேருங்கள். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு டிரஸ்டின் கல்வி நிதியிலிருந்து உதவலாம் என்று நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம். டிப்ளமோ மதிப்பெண் பட்டியலின் நகலோடு, ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்து பெயர் கொடுங்கள். பெண் பிள்ளைகளும் வரலாம். அறிக்கையும் கணக்கும் எழுதுவதுதான் இதில் பாதி வேலை.