ஜெர்மனியில் லேஆஃப்: உங்க கையெழுத்துக்கு ஒரு விலை இருக்கு

இன்னைக்கு எபிசோட் ஜெர்மனியில ஐடி வேலையில இருக்கிற நம்ம ஆட்களுக்கு. ஹெச்ஆர் திடீர்னு மீட்டிங் போட்டு, ஒரு பேப்பரை நீட்டி, "வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க"ன்னு சொன்னா என்ன பண்றது?

முதல்ல அது என்ன பேப்பர்னு பாருங்க. பணிநீக்கக் கடிதமா இருந்தா அது 'கூண்டிகுங்'. அதுக்கு உங்க சம்மதம் தேவையில்லை. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுறோம்னு சொல்ற ஒப்பந்தமா இருந்தா 'அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்'. அது நீங்க கையெழுத்துப் போட்டாதான் செல்லும். எதுவா இருந்தாலும் பேப்பர்ல, பேனாவால போட்ட கையெழுத்து வேணும். மெயில்ல பிடிஎஃப் அனுப்பினா சட்டப்படி செல்லாது.

அடுத்தது பணம். ஜெர்மனியில வேலை போனா இழப்பீடு தானா வந்துடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி ஒரு பொதுவான உரிமை சட்டத்துல இல்லை. அப்புறம் ஏன் கம்பெனிகள் தருது? நீங்க கேஸ் போடக் கூடாதுன்னுதான். அந்த உரிமையை விட்டுக்கொடுக்குறதுக்கான விலைதான் அந்தப் பணம்.

பத்து பேருக்கு மேல இருக்கிற கம்பெனியில, ஆறு மாசத்துக்கு மேல வேலை பார்த்திருந்தா, பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஆள் குறைப்புன்னு சொன்னா, அந்த வேலை நிஜமாவே இல்லாமப் போச்சுன்னு கம்பெனி கோர்ட்ல காட்டணும். ஒரே மாதிரி வேலை செய்றவங்கள்ல யாரை அனுப்புறதுன்னு முடிவு பண்ணும்போது சர்வீஸ், வயசு, குடும்பப் பொறுப்பு, மாற்றுத்திறன் எல்லாம் பார்த்திருக்கணும். தொழிலாளர் கவுன்சில் இருந்தா, அவங்க கருத்தை முன்னாடியே கேட்டிருக்கணும். கேட்கலைன்னா பணிநீக்கமே செல்லாது. இதுல எங்க ஓட்டை இருக்கோ, அங்கதான் உங்க பேரத்தோட பலம்.

ஒரு கணக்கு போடுவோம். மாசம் 6,000 யூரோ சம்பளம், நாலு வருஷ சர்வீஸ். வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம்னு ஒரு வழக்கமான கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தா 12,000 யூரோ. ஆனா கேஸ் நடந்து, நோட்டீஸ் காலம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு கம்பெனி தோத்துதுன்னா, அந்த ஆறு மாசத்துக்கு மட்டும் 36,000 யூரோ சம்பளம் பாக்கி நிக்கலாம். உங்களுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். கம்பெனி வக்கீல் இந்தக் கணக்கைப் போட்டுட்டுதான் பேச வர்றார். நீங்களும் போட்டுட்டுப் போங்க. அரை மாசம்ங்கிறது பேச்சு ஆரம்பிக்கிற இடம், அவ்வளவுதான்.

ஆனா கடிதம் கைக்கு வந்த நாள்லேருந்து மூணு வாரத்துக்குள்ள தொழிலாளர் நீதிமன்றத்துல கேஸ் போட்டாகணும். விட்டா, தப்பான பணிநீக்கமும் சரியானதாயிடும். அப்புறம் விக்கிறதுக்கு உங்ககிட்ட எதுவும் இருக்காது. "பேசிக்கலாம், வெயிட் பண்ணுங்க"ன்னு ஹெச்ஆர் சொன்னாலும் அந்தக் கடிகாரம் நிக்காது. கேஸ் போட்டதும் முதல்ல வர்றது சமரச விசாரணை. நிறைய கேஸ் அங்கயே முடிஞ்சிடும்.

செலவு? முதல் கட்ட நீதிமன்றத்துல ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்க வக்கீல் ஃபீஸ் உங்களோடது. சமரசத்துல முடிஞ்சா கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போகலாம்.

நம்ம ஆட்கள் அவசரப்பட்டு கையெழுத்துப் போடுறதுக்குப் பெரிய காரணம் விசா பயம். ப்ளூ கார்டு அன்னைக்கே செல்லாமப் போயிடாது. வேலை முன்கூட்டியே முடியுதுன்னு தெரிஞ்சா ரெண்டு வாரத்துக்குள்ள குடிவரவு அலுவலகத்துக்குச் சொல்லணும், அது கட்டாயம். அதனால பேரத்துல பணத்தை மட்டும் கேட்காதீங்க. கடைசி வேலை நாளைத் தள்ளிப் போடச் சொல்லுங்க. வேலைக்கு வராம சம்பளம் வாங்குற காலமும் வேலைக் காலம்தான். ரெண்டாயிரம் யூரோ கூடக் கிடைக்குறதை விட, கூட ரெண்டு மாசம் சில பேருக்குப் பெரிசு. நல்ல பணிச் சான்றிதழும் எழுதி வாங்கிடுங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. நீங்களா சம்மதிச்சு வேலையை விட்டீங்கன்னு வேலைவாய்ப்பு அலுவலகம் முடிவு பண்ணினா, 12 வாரம் வரைக்கும் வேலையில்லாப் படியை நிறுத்தி வைக்கலாம். கம்பெனி தர்ற தொகையிலேருந்து அதையும் கழிச்சுப் பாருங்க.

ஒவ்வொருத்தர் நிலைமையும் வேற. அதனால தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருத்தரைப் பாருங்க, முதல் வாரத்துலயே பாருங்க. அது வரைக்கும் ஹெச்ஆர்கிட்ட சொல்ல ஒரே ஒரு வரி போதும்: "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!