இரயில் ஓடாத தீவுக்கும் இரயில் கூலி உண்டு

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தத் தீவுகளில் பயணிகள் ஏறும் இரயில் இல்லை. நமக்குத் தெரிந்த இரயில்வே என்பது முன்பதிவு அலுவலகத்தின் சன்னல்தான். அப்படியிருக்க, சரக்கு இரயில் கட்டணத்தைப் பற்றி இங்கே கூடிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுவோம்.

நம் வீட்டில் பொங்கும் அரிசி, பருப்பு, வெங்காயம், வீடு கட்டும் சிமெண்டு, கம்பி ஆகியவற்றில் பெரும்பகுதி கடல் தாண்டி வருகிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஆனால் சிமெண்டும் கம்பியும் துறைமுகத்தில் முளைப்பதில்லை. எங்கோ உள்நாட்டில் வண்டியேறித் துறைமுகம் வருகின்றன. இரயில் கூலி, லாரிக் கூலி, துறைமுகக் கூலி, கப்பல் கூலி, அதன்பிறகு மாயாபந்தருக்கும் ஹட்பேக்கும் கச்சாலுக்கும் போகும் உள்தீவுக் கப்பல் கூலி. ஒவ்வொரு கையிலும் ஏறிய தொகை முழுவதும் கடைசியில் அபர்தீன் பஜாரில் நம் மடியிலிருந்து இறங்குகிறது. ஆகவே இரயில் இல்லாத ஊரில் இருந்தாலும் நாமும் இரயில் கூலி கொடுப்பவர்களே.

அந்தக் கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள்? 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி மத்திய அரசு. எந்தச் சரக்கு எந்த வகுப்பு என்று பிரிப்பதும் மத்திய அரசுதான். வகுப்பு மாறினால் கட்டணம் மாறும். முழு ரேக் பிடிப்பவனுக்கு ஒரு விலை, சில வாகன்கள் மட்டும் கேட்பவனுக்கு வேறொரு விலை. பெரிய கம்பெனி முழு ரேக் பிடிக்கும். தீவுக்கு நூறு மூட்டை அனுப்பும் சிறு வியாபாரியால் முடியுமா? அவன் லாரிக்காரனிடம் போகிறான், அல்லது பெரியவனிடம் வாங்கி அனுப்புகிறான். கூட்ஸ் ஆபீசில் இரசீது எழுதும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது புதிய செய்தியல்ல.

கட்டணம் அநியாயம் என்றால் முறையிட இடம் உண்டா? உண்டு. இரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் என்று ஒன்று 1949இல் அமைக்கப்பட்டது. அதன் தலைமையிடம் நம் சென்னையில்தான் இருந்தது. ஒருவருக்குச் சலுகை, மற்றவருக்குப் பாரபட்சம் என்றாலும், நியாயமற்ற கட்டணம் என்றாலும் அங்கே வழக்காடலாம். ஆனால் சட்டத்தின் 37ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சரக்கு வகுப்புப் பிரிவினையைத் தீர்ப்பாயம் தொடக்கூடாது. டெமரேஜ், வார்ஃபேஜ் தொடக்கூடாது. பயணிக் கட்டணம் தொடக்கூடாது. பூட்டைக் கொடுத்துச் சாவியை எடுத்துக்கொண்ட கதை! 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் அந்தத் தீர்ப்பாயமும் இரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

அடுத்து, தனியார் கன்டெய்னர் வண்டிகள். 1988இல் தொடங்கப்பட்ட கான்கார் என்ற அரசு நிறுவனமே கன்டெய்னர்களை இரயிலில் கொண்டு சென்றது. 2006இல் தனியாருக்கும் கதவு திறந்தார்கள். 2007 சனவரியில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. எல்லாத் தடங்களிலும் ஓட்ட 50 கோடி ரூபாய் கட்டணம். குறிப்பிட்ட தடங்களுக்கு 10 கோடி. வாகன் கம்பெனியுடையது; பாதையும் எஞ்சினும் டிரைவரும் இரயில்வேயுடையவை. இழுவைக் கட்டணத்தை இரயில்வேயே நிர்ணயிக்கும். நிலக்கரி, தாதுப் பொருள்களை ஏற்றக்கூடாது என்ற தடையும் போட்டது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. போட்டி ஆணையத்துக்குப் போயின. இரயில்வே நடத்துவது அரசின் இறையாண்மைப் பணி, ஆணையம் விசாரிக்க முடியாது என்று இரயில்வே வாதாடியது. 2012இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பணம் படைத்தவர்களுக்கு வாசல் இருக்கிறது தோழர்களே! அரிசி வாங்கும் நமக்கு எந்த வாசல்?

2017 ஏப்ரலில் இரயில் வளர்ச்சி ஆணையம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கட்டணக் கொள்கை வகுப்பது, சரக்குப் பாதைகளை எல்லோருக்கும் பாரபட்சமின்றித் திறப்பது பற்றி ஆலோசனை சொல்வது அதன் வேலை. கவனியுங்கள், ஆலோசனைதான், உத்தரவல்ல. அதுவும் ஏட்டோடு நின்றது.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது? ஆஸ்திரேலியாவில் ஹண்டர் பள்ளத்தாக்கிலிருந்து நியூகாசில் துறைமுகத்துக்கு நிலக்கரி போகும் பாதைக்கு, 2011 முதல் நிபந்தனைகளைப் போட்டி ஆணையம் பரிசீலிக்கிறது. நிபந்தனையை மாற்ற வேண்டுமானால் பாதை நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆணையம் அதை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். பிரிட்டனில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாதைக் கட்டணம் மறுபரிசீலனைக்கு வருகிறது. அங்கும் முதலாளிகள் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆனாலும் கணக்கு வெளியே வருகிறது. கணக்கு வெளியே வந்தால் கேள்வி கேட்கலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரயில்வே வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. சாதாரண வகுப்பு டிக்கெட் மலிவாக இருப்பது அதனால்தான். கப்பலைவிட்டு இறங்கி எழும்பூரில் இராமநாதபுரத்துக்கு வண்டியேறும்போது அந்தச் சலுகை நமக்கும் கிடைக்கிறது. ஆகவே சரக்குக் கட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குறை என்று நாம் கேட்கவில்லை. தனியாரிடம் ஒப்படை என்றும் கேட்கவில்லை. நிலப்பகுதித் தொழிலாளி மலிவு டிக்கெட்டை அன்றாடம் அனுபவிக்கிறான். நாமோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறோம். ஆனால் சரக்குக் கூலியைத் தினமும் உலையில் போடுகிறோம். இந்தச் சுமையில் சமநீதி வேண்டும் என்கிறோம்.

முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 1950களிலிருந்து 1990களின் தொடக்கம்வரை இரும்புக்கு நாடெங்கும் சமக் கூலி இருந்தது. அதனால் பீகாரும் ஒரிசாவும் பாதிக்கப்பட்டன என்ற குறையும் நியாயமானதே. நாம் கேட்பது நாடு முழுவதற்கும் அல்ல, கடல் சூழ்ந்த ஒரு பகுதியின் அத்தியாவசியப் பொருளுக்கு மட்டும்.

2007இல் போட்ட ஒப்பந்தங்களின் 20 ஆண்டுக் காலம் 2027இல் முடிகிறது. மேலும் 10 ஆண்டு நீட்டிக்க அதில் இடமுண்டு. நிபந்தனைகளைத் திரும்பப் பார்க்க இதுவே நேரம். எனவே நம் கோரிக்கைகள்:

ஒன்று: நீட்டிப்பு நிபந்தனைகளை முன்கூட்டியே வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டு: தீவுகளுக்கென்று துறைமுகம் வரும் உணவுப் பொருளுக்கும் கட்டடப் பொருளுக்கும், சிறு அளவானாலும், முழு ரேக் விலையே போட வேண்டும்.

மூன்று: சரக்கு வகுப்புப் பிரிவினையை எதிர்த்து முறையிடவும் சட்டத்தில் இடம் வேண்டும்.

நமக்குச் சட்டமன்றம் கிடையாது. மக்களவையின் 543 பேரில் ஒரே ஒருவர் நம் உறுப்பினர். அவர் கையில் கொடுக்க மனு எழுதியாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு கையெழுத்து வேண்டும். கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்திடுங்கள். கடைக்குப் பை தூக்கிப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.